மொட்டைத் தலைக்கும் சூரியனுக்கும் முடிச்சு

வாடா பேராண்டி, நிழலுக்கு வந்து உக்காரு. அடிக்கல்லாம் மாட்டேன், பயப்படாத. நேத்து மண்டப வாசல்ல 10க்கு 8 அடியில ஒரு பிளக்ஸு கட்டுனியே, அதப் பத்தி ரெண்டு வார்த்த பேசிட்டு விட்டுர்றேன்.

மொதல்ல பாராட்டிருவோம். பாப்பா காதுகுத்துக்கு வந்த சனம் பூராவும் அந்த பிளக்ஸு முன்னாடிதான் நின்னுச்சு. அதுல பாதிப் பேரு என்கிட்டயே வந்து, “வலது பக்க மூலையில நிக்கிறாரே, அந்த மலையாள நடிகரு யாருங்க?”ன்னு கேட்டாக. நான்தான்னு சொன்னேன். ஒருத்தனும் நம்பல. அத விடு. ஒங்க அப்பத்தா, ஐம்பத்தஞ்சு வருசம் என்கூடக் குடும்பம் நடத்துனவ, முந்தானையில கண்ணாடியத் தொடச்சுப் போட்டுக்கிட்டு அண்ணாந்து பாத்துட்டு, “ஆளு லட்சணமாத்தான் இருக்காரு, எந்த ஊருக்காரரு?”ன்னு விசாரிக்கிறா. இந்த வயசுல என் குடும்பத்துல கும்மியடிச்சுட்டியேடா.

போன வெள்ளிக்கிழமை பழனியில பாப்பாவுக்கு முடி எறக்கும்போது அது அழுத அழுகைக்கு, “இந்தா பாரு, தாத்தாவும் குடுக்குறேன்”னு பக்கத்துல உக்காந்து என் தலையவும் நீட்டுனேன். அத போட்டோ எடுத்தவனே நீதான். அந்தப் போட்டோவயே எடுத்து, எவன் தலையிலயோ கெடந்த கிராப்ப வெட்டிக் கொண்டாந்து என் மண்டையில ஒட்டிட்ட. அது பழனியாண்டிக்குக் குடுத்த முடிடா. சாமி உண்டியல்ல போட்டத எடுத்து என் பையில வச்ச மாதிரி ஆகிப்போச்சு. இப்ப அவரு கணக்குல என் பேருல பாக்கி நிக்கிது.

நெறத்தப் பத்திப் பேச வேண்டாம்னு பாத்தேன், முடியல. கன்னிவாடி வெயில்ல எழுபது வருசம் காஞ்ச தோலு இது. நீ அத அவிச்ச முட்டைய உரிச்சு விபூதி பூசுன மாதிரி ஆக்கிட்ட. மூக்கோரத்துல இருந்த மச்சத்தக் காணோம். ஒன் மொகத்துல இருந்ததையும் அழிச்சுட்ட. பள்ளிக்கூடத்துல குடுத்த டி.சி.யில அங்க அடையாளம்னு அந்த மச்சத்தத்தாண்டா எழுதியிருக்கு. நாளைக்கு ஒன்னக் காணோம்னு போலீசுல சொல்லணும்னா, எந்தப் படத்த நீட்டி எந்த மச்சத்தச் சொல்றது?

‘கெழவனுக்கு என்ன தெரியும், ஆடு மேய்க்கிறவன்’னு நீ முணுமுணுக்கிறது எனக்குக் கேக்குது. இந்த ஆடுகளுக்கு முன்னாடி எனக்கு ஒரு தொழில் இருந்துச்சு. பதினேழு வயசுல திண்டுக்கல்ல ஒரு ஸ்டுடியோவுல டச்சப் பையனாச் சேந்தேன். சாஞ்ச பலகை. நடுவுல ஒரு ஓட்டை. கீழ ஒரு கண்ணாடி. சன்னல் வெளிச்சம் கண்ணாடியில பட்டு ஓட்டை வழியா மேல வரும். அதுமேல நெகட்டிவ, மருந்துப் பக்கம் மேல இருக்கிற மாதிரி வச்சு, பென்சில் பிடிக்கிறதுக்காக லேசா வார்னிஷ் தடவி, ஊசி மாதிரி சீவுன பென்சிலால தொட்டுத் தொட்டு எடுக்கணும். நெகட்டிவுல எல்லாமே தலகீழு. மொகத்துல கருப்பா இருக்கிற பரு அங்க வெளுப்பாத் தெரியும். அதுல பென்சில ஏத்துனா பிரிண்டுல பரு மறையும். ஒரு தொடு கூடிப்போச்சுன்னா, பரு இருந்த எடத்துல தேமல் உக்காந்துக்கும். பிளேடு நுனியால சொரண்டுனா பிரிண்டுல அந்த எடம் கருக்கும். கை தவறுனா மீட்டு எடுக்க கண்ட்ரோல் இசட்டெல்லாம் கெடையாது. மொதலாளி கைதான் உண்டு, அதுவும் முதுகுல.

மொத ஆறு மாசம் எனக்கு முழு மொகமே குடுக்கல. வீணாப்போன நெகட்டிவா எடுத்து, நாளுக்கு ஒண்ணு. கன்னம் மட்டும். கன்னம் படிஞ்சதும் நெத்தி. நெத்திக்கு அப்புறம் கண்ணுக்குக் கீழ இருக்கிற பை. சாயங்காலம் மொதலாளி அத வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு, “ம்”பாரு. அந்த ஒரு எழுத்துக்கு ஆறு மாசம்.

நீ என்ன பண்ற? மடிக்கணினிய மடியில வச்சுக்கிட்டு, எவனோ பேசுறத ஒண்ணரை மடங்கு வேகத்துல ஓடவிட்டு, கொறட்டை விடுற. ‘நாப்பது மணி நேர வகுப்பு சேத்து வச்சிருக்கேன் தாத்தா’ன்னு பெருமை வேற. நீச்சல் அடிக்கிறத நாப்பது மணி நேரம் கரையில உக்காந்து பாத்தவன கெணத்துல தள்ளுனா என்ன ஆவான்? அகல உழுறத விட ஆழ உழுடான்னு நம்ம பாட்டன் சொன்னது வயலுக்கு மட்டுமில்ல.

நீ தூங்குனப்ப ஒன் செல்லுல நானும் நாலு விசயம் பாத்தேன். அந்த போட்டோஷாப்ப ஆரம்பிச்சது தாமஸ் நோல், ஜான் நோல்னு ரெண்டு அண்ணன் தம்பியாமே. அவுக அப்பா வாத்தியாரு. வீட்டுக்குக் கீழயே இருட்டறை வச்சுப் படம் கழுவுனவரு. அந்த இருட்டறையில கை பழகுன பய, 1987ல கணினியில எழுத ஆரம்பிச்சது, 1990ல கடைக்கு வந்திருக்கு. அதனாலதான் அந்தப் பொட்டிக்குள்ள குச்சி மேல வட்ட அட்டை ஒட்டுன மாதிரி ஒரு படமும், குவிச்ச கை மாதிரி ஒரு படமும் இருக்கு. டாட்ஜு, பர்ன்னு சொல்லுவீக. இருட்டறையில நாங்க அட்டையால வெளிச்சத்த மறைச்சா அந்த எடம் வெளுக்கும். கையக் குவிச்சு ஓட்டை வழியா கூட வெளிச்சம் விட்டா கருக்கும். என் கையத்தான் வெள்ளைக்காரன் படமா வரைஞ்சு வச்சிருக்கான். நீ அத ஒருநாளும் தொட்டதில்ல. நேரா ‘பில்டருக்கு’ ஓடுற.

அதுக்கு மாசா மாசம் பணம் கட்டணும்னு அழுவாத. திருட்டு சாப்ட்வேரும் போடாத, வைரஸு வந்தா என் பென்ஷன் கணக்கும் சேந்து போயிரும். கிம்ப்புன்னு ஒண்ணு இருக்கு, சல்லிக்காசு வேண்டாம். 1995ல அமெரிக்காவுல ரெண்டு காலேஜு பயலுக ப்ராஜெக்டா ஆரம்பிச்சது. ஒன் காலேஜு ப்ராஜெக்ட எங்க வாங்குனன்னு நான் கேக்க மாட்டேன்.

சரி, இப்ப மலையப் பாரு. இந்த மலைத்தொடருக்கு மேலதான கொடைக்கானல். ‘ஏரியில படகு விட்டேன், பூண்டு வாங்குனேன், செல்ஃபி எடுத்தேன்’னு வர்றியே, அங்க சூரியன ஆராய்ச்சி பண்ற ஒரு கூடம் இருக்கே, அதுக்குள்ள எட்டிப் பாத்தியா? 1899ல ஆரம்பிச்சது. 1904ல இருந்து மேகம் மூடாத நாளெல்லாம் சூரியனப் படம் பிடிக்கிறாக. அதே சூரியன். அதே மலை. கண்ணாடித் தகட்டுல எடுத்தாக, பிலிமுல எடுத்தாக. அம்புட்டையும் இப்ப கணினியில ஏத்திட்டாக. நூத்தி இருவது வருசம் தாண்டியும் ஓடுது. அங்க இருந்த எவர்ஷெட்னு ஒரு தொர, சூரியப் புள்ளியில இருந்து வாயு வெளிப்பக்கமா ஓடுறத 1909ல கண்டுபிடிச்சாரு. இன்னைக்கும் உலகம் பூராவும் அதுக்கு அவரு பேருதான்.

அந்தப் படங்களக் கணினியில ஏத்தும்போது அவுகளும் டச்சப் பண்ணத்தாண்டா செஞ்சாக. தகட்டுல வெளிச்சம் ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் கொறைய விழுந்திருக்கும். அதச் சமம் பண்ணுவாக. சூரியன் நடுவுல பளிச்சுன்னும் ஓரத்துல மங்கலாவும் இருக்கும். அதையும் கணக்குப் போட்டு நிரவுவாக. எதுக்கு? புள்ளி தெளிவாத் தெரியணும்னு. ஒரு மொகத்துல புள்ளியப் பாத்தா நீ அழிக்கிற. சூரியன் மொகத்துல இருக்கிற புள்ளிய அவுக நூறு வருசத்துக்கு மேல எண்ணிக்கிட்டு இருக்காக. ஒன் கையில அந்தத் தகடுகளக் குடுத்திருந்தா, சூரியனுக்கு ஃபேர்னஸ் கிரீம் பூசி மினுக்க வச்சிருப்ப. எவர்ஷெட் தொர பாவம், படகு ஓட்டப் போயிருப்பாரு.

சரி, திட்டுனது போதும், வேலை சொல்றேன். எட்டு வாரம். வாரத்துக்கு ஒரே வேலை. நாளுக்கு ஒரே படம். ஒரு மணி நேரத்துக்கு மேல ஒரு படத்துல உக்காராத.

மொத வாரம், வெட்டு மட்டும். வேற எதையும் தொடாத. பஸ் ஸ்டாண்டு டீக்கடைய எடு. ஒன் படத்துல கடை, சைக்கிள், நாய், கரண்டுக் கம்பம், ஒன் பிரெண்டு கட்டைவிரல்னு எல்லாம் இருக்கும். எதக் காட்டணும்னு தெரியாதவன்தான் எல்லாத்தையும் காட்டுவான். மாஸ்டர் கையும், ஆத்தும்போது எறங்குற டீயும் போதும்னு தோணுற வரைக்கும் வெட்டு.

ரெண்டாவது வாரம், வெளிச்சம். ஹிஸ்டோகிராம்னு மூலையில ஒரு படம் வருமே, பாத்தா பயந்து மூடிர்றியே, அது வேற ஒண்ணுமில்ல, நம்ம மலைதான். இடது பக்கம் இருட்டு, வலது பக்கம் வெளுப்பு, எங்க எம்புட்டுப் புள்ளி குமிஞ்சு கெடக்குன்னு மலையா நிக்கும். மலை இடது செவுத்துல போய் முட்டுனா நெழல்ல இருந்ததெல்லாம் போச்சு. வலது செவுத்துல முட்டுனா வேட்டியில மடிப்பே தெரியாது, சுண்ணாம்படிச்ச செவுருதான். வெள்ளன ஒண்ணு, உச்சியில ஒண்ணு, கருக்கல்ல ஒண்ணுன்னு இந்த மலையவே எடுத்து, அந்த மலைய நகத்திப் பழகு.

மூணாவது வாரம், நெறம். அதுக்கு என் வேட்டிதான் வாத்தியாரு. டியூப்லைட்டுக்குக் கீழ வேட்டி பச்சையடிக்கும், குண்டு பல்புக்குக் கீழ மஞ்சக் குளிக்கும், நெழல்ல நீலம் பாயும். வேட்டிய வெள்ளைக்குக் கொண்டா. மூஞ்சி தானா அதது நெறத்துக்கு வந்துரும். நீ மூஞ்சிய வெள்ளைக்குக் கொண்டாந்த, அதான் வெனை.

நாலாவது வாரம், என் கை. அந்த ரெண்டு டாட்ஜு பர்ன மட்டும், பலத்தப் பத்து சதத்துக்குக் கீழ எறக்கி வச்சுக்கிட்டு, தொட்டுத் தொட்டு. பரு ஒரு வாரத்துல போயிரும், அத எடு. மச்சம் கூடவே வரும், அத விடு. சுருக்கத்த லேசாக்கு, அழிக்காத. அது சிரிச்சுச் சிரிச்சு விழுந்த கோடு. காசு குடுத்தாலும் கெடைக்காது.

அஞ்சாவது வாரம், ஆட்டுத் தாடி. சிரிக்காத. நம்ம கெடாவ எடுத்து, பின்னாடி இருக்கிற கொட்டாய நீக்கிட்டு மலைய வை. தாடி மயிரு ஒண்ணு கூட அறுபடக் கூடாது. அழிப்பானத் தொடாத, மாஸ்க் போடு. மாஸ்க்குங்கிறது முக்காடு மாதிரி, வேணும்னா வெலக்கிக்கலாம். அழிப்பான் மொட்டை மாதிரி, போனது போனதுதான். தாடி படிஞ்சுட்டா கல்யாணப் பொண்ணு கொண்டை ஒனக்குச் சுண்டைக்கா.

ஆறாவது வாரம், கணக்கு. நேத்து பிளக்ஸுல என் மூக்கு கட்டம் கட்டமா இருந்துச்சே, ஏன்? என் படத்த செல்லுல இருந்து மடிக்கணினிக்கு வாட்ஸ்அப்புல அனுப்புன. அது சுருக்கி அனுப்புறப்ப நீளப் பக்கத்துக்கு சுமாரா 1600 புள்ளிதான் மிஞ்சும். 10 அடின்னா 120 அங்குலம். வகுத்துப் பாரு, அங்குலத்துக்குப் பதிமூணு புள்ளி. மூக்குக்கு எத்தன வரும்? தூரத்துல பாக்குற பிளக்ஸு கொஞ்சம் பொறுத்துக்கும். கல்யாண ஆல்பம் பொறுக்காது, மடியில வச்சுப் பாப்பாக. 12க்கு 36 அங்குலம், அங்குலத்துக்கு 300 புள்ளின்னா, 3600க்கு 10800 வேணும். பாஸ்போர்ட் படம் மூணரைக்கு நாலரை சென்டிமீட்டர், 413க்கு 531 போதும். அப்புறம் திரையில மின்னுன அந்தக் கிளிப்பச்ச, பிளக்ஸுல கழனித்தண்ணி மாதிரி வந்துச்சே? திரை வெளிச்சத்தால வரையுது, மெசினு நாலு மையால வரையுது. மைக்கு வராத பச்சைய மைகிட்டக் கேட்டா என்ன பண்ணும்?

ஏழாவது வாரம், எழுத்து. ‘பெரியோர்கள்’னு நீ அடிச்சதுல கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், காலு ஒரு பக்கம் கெடந்துச்சு. ஜல்லிக்கட்டு முடிஞ்ச வாடிவாசல் மாதிரி. பழைய போட்டோஷாப்புல தெற்காசிய எழுத்துக்குன்னு ஒரு அமைப்பு இருக்கு. அதப் போடாம யூனிகோடுல அடிச்சா அப்பிடித்தான் செதறும். தெனம் ஒரு வரி அடி. சத்தமாப் படிச்சுப் பாத்துட்டு அச்சுக்கு அனுப்பு.

எட்டாவது வாரம், பழைய படம். அதுக்கு முன்னாடி ஒரு வழக்கம் பழகிக்க. வீட்டுப் பத்திரத்த எடுத்துட்டு வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போறப்ப மூலத்தயா நீட்டுறோம்? மூலம் பெட்டியில, ஜெராக்ஸ்தான் கையில. படத்துக்கும் அதே நியாயம். மூலப்படத்துல கை வைக்காத. ஒவ்வொரு வேலையவும் தனித்தனி லேயரா மேல அடுக்கு. ஜேபெக்க தெறந்து தெறந்து மறுபடி சேமிக்காத. ஒரே டீத்தூள நாலு தடவ கொதிக்க வச்ச கதைதான், ஒவ்வொரு தடவையும் சாரம் எறங்கிரும்.

பரண்ல என் அம்மா படம் ஒண்ணு இருக்கு. கரையான் அரிச்சு, ஒரு கன்னமும் பாதிக் கண்ணும் போச்சு. அத ஸ்கேன் பண்ணி, செவுரு, சேலை, கன்னம் வரைக்கும் சரி பண்ணு. கண்ணுல போய் நின்னுக்க. இப்பத்தான் ஒரு பொத்தான அமுக்குனா மிஷினே கண்ணு எழுதிருதாமே. எழுதும், அழகாவே எழுதும். நானும் எழுதியிருக்கேன்.

அந்தக் காலத்துல உசுரோட இருக்கிறப்ப ஒரு படம் கூட எடுக்காத ஆளுக எத்தனையோ பேரு. செத்தப்புறம் நாற்காலியில சாத்தி வச்சு எடுக்கிறதுதான் அவுகளுக்கு மொதப் படம், கடைசிப் படம். மூடுன கண்ணுக்கு மேல தெறந்த கண்ணு எழுதிக் குடுக்கணும். அப்பிடி ஒருக்கா மலையில இருந்து எறங்கி வந்த ஒரு அம்மாவுக்கு அவ வீட்டுக்காரர் கண்ண எழுதுனேன். ரெண்டு நாளு வேலை. சினிமா நடிகரு கண்ணு தோத்துப்போகும். மொதலாளி பாத்துட்டு “ம்”க்குப் பதிலா “ம்ம்”முன்னாரு. அந்த அம்மா வாங்கி ரொம்ப நேரம் பாத்துச்சு. “கண்ணு நல்லாருக்கு தம்பி. ஆனா அவரு இப்பிடி நேராப் பாக்க மாட்டாரு. எடது கண்ணு செத்த ஓரமாப் போகும்”னுச்சு. மறுபடி உக்காந்து, நான் எழுதுன நல்ல கண்ண கெடுத்து, மாறுகண்ணா ஆக்கிக் குடுத்தேன். அப்பத்தாண்டா அது அழுதுச்சு.

அதனால என் அம்மா கண்ண நீ எழுதாத. எட்டாவது வாரம் வா, என்கிட்டக் கேளு. எனக்கு மறந்திருந்தா, கரையான் தின்னது தின்னதாவே இருக்கட்டும்.

நீ பாஸா பெயிலான்னு எப்பிடித் தெரியும்? முடிச்ச படத்த ஒரு வாரம் பெட்டியில போட்டு வச்சுட்டு எடுத்துப் பாரு. ஒனக்கே கூச்சமா இருந்தா, ஒரு வாரத்துல கத்துக்கிட்டன்னு அர்த்தம். அப்புறம் எவன்கிட்டயாவது காட்டு. ‘எடிட்டிங் சூப்பர்’னு சொன்னா பெயிலு. ‘நல்ல நாள்ல எடுத்திருக்கியே’ன்னு சொன்னா பாஸு.

கடைசியா, தெனப்படி வேலை ஒண்ணு. இந்த எட்டு வாரத்தோட அது சேராது, நூறு நாளு. வேப்பமரத்தடியில அந்த முக்காலி கெடக்கு பாரு. காலையில எட்டு மணிக்கு நான் அதுல உக்காருவேன். அதே தூரம், அதே ஒசரம், அதே பக்கம் பாத்து, என் மண்டைய ஒரு படம் எடு. நூறு படத்துலயும் வெளிச்சம் ஒண்ணு போல இருக்கணும். அத மட்டும் சரி பண்ணு, வேற கை வைக்காத. மேகம் மூடுனா மறுநாளு. இன்னைக்குப் பளபளன்னு இருக்கிற மொட்டை, நாளு போகப் போக உப்புத் தெளிச்ச மாதிரி அரும்பி, நரையா மொளைக்கும். வரிசையா ஓட்டிப் பாத்தா, நீ ஒட்டுன அந்த மலையாள நடிகரு கிராப்பு எங்கேயும் வராது.

கொடைக்கானல்காரவுகளுக்குச் சூரியன், ஒனக்கு என் மொட்டை. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுறவன் இருக்கிற ஊருல, சூரியனுக்குப் போட்டா என்ன கொறஞ்சு போச்சு? வலது காதுக்கு மேல ரெண்டு, உச்சியில ஒண்ணுன்னு மூணு கரும்புள்ளி இருக்கு. நூறாவது நாளு அத எண்ணுவேன். ஒண்ணு கொறஞ்சாலும் நூறையும் மறுபடி எடுக்கணும்.

எந்திரி, போ. என்னது, பிளக்ஸா? அதக் காலையிலயே அவுத்துட்டு வந்து ஆட்டுக் கொட்டாய்க்குக் கூரையாப் போட்டுட்டேன், மழை ஒழுகாது. மூஞ்சி உள்பக்கமா விழுந்துருச்சு போல. காலையில இருந்து ஆடு ஒண்ணும் உள்ள போக மாட்டேங்குது. மேல யாரோ அசலூர்க்காரன் படுத்திருக்கான்னு நெனைக்கிதுக.